கொசு ஒழிப்புப் பணம் எங்கே இருக்கிறது, அதை உங்கள் தெருவுக்கு எப்படிக் கேட்டு வாங்குவது

ஐப்பசி மழை பிடித்து, தெருவில் நாலு வீட்டில் காய்ச்சல் வந்த பிறகு கவுன்சிலருக்குப் போன் போட்டு "கொஞ்சம் புகை அடிக்கச் சொல்லுங்க" என்று கேட்பதுதான் நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்த ஒரே வழி. வண்டி வரும், கால்மணி நேரம் தெருவே வெள்ளையாகும், இரண்டு நாளில் கொசு பழையபடி கடிக்கும். அந்தப் புகைக்குப் போனதும் நம் வரிப்பணம்தான். அதே பணத்தைப் பல மாதம் முன்னால், சரியான இடத்தில், சரியான வேலைக்காகக் கேட்டிருந்தால் அந்த நாலு வீட்டுக் காய்ச்சலில் சிலவாவது வராமல் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தமிழ்நாட்டில் டெங்கு என்பது சின்ன விஷயம் இல்லை. 2012இல் பதிவான நோயாளிகள் 12,826 பேர், இறந்தவர்கள் 66 பேர். 2017இல் 23,294 பேருக்கு வந்து 65 பேர் இறந்தார்கள்.

குடியிருப்போர் நலச்சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வந்திருக்கிறீர்களா, முதல் தடவை வார்டு உறுப்பினரா, இல்லை ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிற சாதாரண ஆளா, யாராக இருந்தாலும் சரி, கீழே சொல்வதை வரிசையாகச் செய்து பாருங்கள்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உங்கள் பகுதியில் எந்தக் கொசு, அது எந்தத் தண்ணீரில் முட்டையிடுகிறது என்று தெரிய வேண்டும், ஏனென்றால் தண்ணீர் மாறினால் துறை மாறும், துறை மாறினால் நிதி மாறும். டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில்தான் பெருகும்: மூடி இல்லாத டிரம், சிமென்ட் தொட்டி, வாசலில் கிடக்கிற ஆட்டுக்கல், பழைய டயர், கொட்டாங்குச்சி, பிரிட்ஜின் பின்னால் இருக்கிற தட்டு. ராத்திரி தூங்கவிடாமல் கடிக்கிற, யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய க்யூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் கழிவுநீர் தேங்கிய கால்வாயிலும் வளரும். நகரத்து மலேரியாவுக்குக் காரணமான அனாஃபிலிஸ் கொசு கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் வளரும், சென்னையில் மலேரியா பல காலம் நீடித்ததற்கு இந்தக் கிணறும் தொட்டியும்தான் முக்கியக் காரணம்.

ஆக, சாக்கடைக் கொசு என்றால் கேட்க வேண்டியது வடிகால் தூர்வாரும் பணம். ஏடிஸ் என்றால் வீடு வீடாக வந்து தொட்டியைப் பார்க்கிற ஆட்களுக்கான கூலி. பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, டெங்குவுக்குச் சாக்கடையைக் காட்டி மனு கொடுக்கிறார்கள். அதிகாரியும் சாக்கடையில் எண்ணெய் ஊற்றிவிட்டு மனுவை முடித்துவிடுகிறார், வீட்டுக்குள் இருக்கிற டிரம் அப்படியே இருக்கிறது.

யார் பொறுப்பு

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அலைக்கழிக்கப்படுகிறார்கள். பொறுப்பு இரண்டு பக்கம் பிரிந்து கிடக்கிறது. நோயைக் கண்காணிப்பது, ரத்தப் பரிசோதனை, காய்ச்சல் முகாம், பூச்சியியல் ஆய்வு எல்லாம் மாநிலப் பொது சுகாதாரத் துறை. ஆட்களை வைத்து வேலை வாங்குவது, மருந்து தெளிப்பது, தண்ணீர் தேங்காமல் பார்ப்பது உள்ளாட்சி அமைப்பு.

கிராமத்தில் என்றால் ஊராட்சித் தலைவர், ஊராட்சிச் செயலர், அவர்களுக்கு மேலே வட்டார வளர்ச்சி அலுவலர். சுகாதாரப் பக்கம் கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், வட்டார மருத்துவ அலுவலர். ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருந்தால் மனு அவர் பெயருக்குப் போக வேண்டும். பேரூராட்சியில் செயல் அலுவலர். நகராட்சி, மாநகராட்சியில் ஆணையர், அவருக்குக் கீழே நல அலுவலர், உங்கள் பகுதி சுகாதார ஆய்வாளர். சென்னையில் மண்டல அலுவலகத்துக்குப் போனால் போதும், ரிப்பன் மாளிகை வரை போகத் தேவையில்லை.

எனக்குத் தெரிந்தவரை, எல்லோரையும் விட உபயோகமான ஆள் சுகாதார ஆய்வாளர்தான். அவரிடம் போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போடுவதற்கு இல்லை. எந்த மருந்து கையிருப்பில் இருக்கிறது, எத்தனை மஸ்தூர்கள், அதாவது கொசு ஒழிப்புப் பணியாளர்கள், வருகிறார்கள், யாருக்கு எத்தனை மாதக் கூலி பாக்கி என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1939ஆம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்தில் கொசு ஒழிப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. கொசு வளரும்படி தண்ணீரைத் தேக்கி வைக்கிற இடத்துக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம், அவர் செய்யாவிட்டால் அதிகாரிகளே சரிசெய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம். காலி மனையில் தண்ணீர் நிற்கிறது, கட்டி முடிக்காத கட்டிடத்தில் லிப்ட் குழி நிறைந்து கிடக்கிறது என்றால் இதைச் சொல்லிக் கேளுங்கள். பொதுப்பணம் ஒரு ரூபாய் செலவில்லாமல் முடிகிற வேலை அது.

பணம் எந்தெந்த வழியில் வருகிறது

"கொசு" என்று பெயர் போட்ட பணம் கொஞ்சம்தான். கொசுவைத் தடுக்கிற பணம் நிறைய இருக்கிறது, ஆனால் அது வேறு பெயர்களில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெயர் போட்ட பணத்தை முதலில் பார்ப்போம். மலேரியா, டெங்கு, சிக்குன்குனியா, மூளைக்காய்ச்சல், யானைக்கால், காலா அசார் என்ற ஆறு நோய்களுக்கும் சேர்த்து ஒன்றிய அரசின் பூச்சிவழி நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. இது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழே வருகிறது, தமிழ்நாட்டைப் பொறுத்தவரை செலவில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநிலம். மாநிலம் திட்டம் எழுதி அனுப்பி, ஒப்புதல் வாங்கி, மாவட்டத்துக்குப் பிரிக்கிறது. சில உதவிகள் பணமாக இல்லாமல் பொருளாகவே வரும். அரசு ஆய்வகங்களில் டெங்குவை உறுதிசெய்கிற எலிசா பரிசோதனைப் பெட்டிகள் புனேயில் இருக்கிற தேசிய நச்சுயிரியல் நிறுவனத்திலிருந்து வருவது அப்படித்தான். தெருவில் இருக்கிற நாம் இந்தத் தொகையில் நேரடியாகக் கை வைக்க முடியாது, மாவட்ட சுகாதார அலுவலர் வழியாகத்தான் முடியும்.

இதே குழுமத்திலிருந்து கிராமத்துக்கு நேரே வருகிற சின்னத் தொகை ஒன்று உண்டு. கிராம சுகாதாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை, இன்னதற்குத்தான் என்ற கட்டு இல்லாத நிதி. ஊராட்சித் தலைவரும் கிராம சுகாதார செவிலியரும் அந்தக் குழுவில் இருப்பார்கள். பல ஊர்களில் இப்படி ஒரு குழு இருப்பதே மக்களுக்குத் தெரியாது. 10,000 ரூபாயில் ஊரையே மாற்ற முடியாதுதான், ஆனால் தொட்டிகளுக்கு வலைத்துணி, பள்ளிக்கூடத்தில் ஒரு துப்புரவு நாள், டயர் அள்ளிப்போக ஒரு வண்டி வாடகை, இதற்கெல்லாம் தாராளமாகப் போதும். குழு கடைசியாக எப்போது கூடியது என்று செவிலியரிடம் கேளுங்கள்.

அடுத்தது ஒன்றிய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை ஊராட்சிகளுக்குக் கொடுத்த அடிப்படை மானியத்தில் 60 சதவீதம் கட்டுப்பட்ட பணம்: பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர் சேகரிப்புக்கும். மீதி 40 சதவீதம் ஊருக்கு எது தேவையோ அதற்கு, ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது. 2026-27 முதல் 16ஆவது நிதிக்குழுவின் காலம் என்பதால் புதிய விகிதத்தை ஊராட்சிச் செயலரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீர் வாய்க்கால், உறிஞ்சுகுழி, குப்பை அகற்றுவது எல்லாம் துப்புரவுப் பணத்தில் வரும். குடிநீர்ப் பணத்தையும் கொசுக் கணக்கில் நான் சேர்ப்பேன். நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வருகிற ஊரில் எந்த வீட்டிலும் டிரம் இல்லாமல் இருக்க முடியாது, அங்கே "தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று நோட்டீஸ் கொடுப்பது அந்த வீட்டுப் பெண்களைத் திட்டுவதற்குச் சமம். தினமும் குழாயில் தண்ணீர் வந்தால் டிரம் தானாகக் குறையும்.

மூன்றாவது, மாநில நிதிக்குழு மானியமும் உள்ளாட்சியின் சொந்த வருவாயும், அதாவது வீட்டு வரி, சொத்து வரி, தொழில் வரி. மஸ்தூர் கூலி, மருந்து, டீசல் போன்ற அன்றாடச் செலவில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போக வேண்டியிருக்கிறது, அதனால்தான் வருமானம் குறைந்த சின்ன ஊராட்சிகள் முதலில் இந்தச் செலவில் கை வைக்கின்றன.

நகரத்தில் மழைநீர் வடிகால், குப்பை, பொது சுகாதாரம் மூன்றும் தனித்தனித் துறை, தனித்தனி ஒதுக்கீடு. சென்னை மாநகராட்சி வரவு செலவுத் திட்டத்தைத் திறந்தால் பொது சுகாதாரத்தின் கீழே மட்டும் தேடாதீர்கள், வடிகால் தூர்வாரும் தொகையையும் சேர்த்துப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி கட்டுமானத்துக்கு உதவும், உடைந்த வாய்க்காலைக் கட்ட அதைக் கேட்கலாம், ஆட்கூலிக்குக் கேட்க முடியாது.

எப்போது போய்க் கேட்பது

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும். காய்ச்சல் ஏறுவது அக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆனால் நிதியாண்டு தொடங்குவது ஏப்ரலில், நகர்ப்புறத்தில் பட்ஜெட் எழுதப்படுவது பொதுவாக அதற்கு முந்தைய சில மாதங்களில். அப்படியென்றால் அடுத்த ஐப்பசிக்கான பணத்தைத் தை மாதத்திலேயே கேட்க வேண்டும். காய்ச்சல் ஓய்ந்து எல்லோரும் மறந்துபோகிற நேரம் அது, அந்த நேரத்தில் அலுவலகத்துக்குப் போகிறவருக்குப் போட்டியே இருக்காது.

கிராமத்தில் அடுத்த ஆண்டுக்கான ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கிற வேலை அக்டோபர் 2 கிராம சபையை ஒட்டித் தொடங்கும். திட்டத்தில் பெயர் ஏறாத வேலைக்கு நிதிக்குழுப் பணம் வருவது கஷ்டம். அதனால் உங்கள் வாய்க்காலும் உறிஞ்சுகுழியும் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்புறம் ஜூலை, ஆகஸ்டில் ஒரு தடவை போய், மருந்து வந்துவிட்டதா, தூர்வாரத் தொடங்கிவிட்டார்களா என்று கேட்டால் போதும்.

வெறுங்கையோடு போகாதீர்கள்

"எங்க தெருவுல ஒரே கொசு" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போங்கள். டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்தால் புழு நெளிவது தெரியும். 100 வீடு பார்த்து 14 வீட்டில் புழு இருந்தால் உங்கள் பகுதியின் வீட்டுக் குறியீடு 14. பூச்சியியல் அலுவலர்கள் பயன்படுத்துகிற அதே கணக்குதான் இது. எந்த மாதிரிப் பாத்திரத்தில் புழு அதிகம் என்பதையும் எழுதுங்கள். டயரா, டிரம்மா, மாடித் தொட்டியா என்று தெரிந்தால்தான் எதற்குச் செலவு செய்வது என்று முடிவு செய்ய முடியும். யார் வீட்டில் புழு இருந்தது என்று பெயர் போட்டு எங்கேயும் ஒட்டாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த வாரம் கதவைத் திறக்க மாட்டார்கள்.

பார்க்கும்போதே கொட்டிவிட்டு, தொட்டியின் உள்பக்கச் சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஏடிஸ் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இல்லாமலே பல மாதம் உயிரோடு கிடக்கும், திரும்பத் தண்ணீர் ஊற்றினால் பொரிக்கும். வெறுமனே கொட்டினால் மட்டும் போதாது.

எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது

புகை மெஷின் வாங்கித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். வாங்கித் தருவதற்கு எல்லோருக்கும் ஆசைதான், பெயர் எழுதிப் படம் எடுக்கலாம். ஆனால் புகை பறக்கிற கொசுவில் கொஞ்சத்தைக் கொல்லும், தண்ணீரில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. ஏடிஸ் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியிலும் துணி மாட்டுகிற இடத்திலும் உட்கார்ந்திருக்கும், தெருவில் அடிக்கிற புகை அங்கே சரியாகப் போய்ச் சேராது. மருந்தை டீசலோடு கலந்துதான் அடிக்கிறார்கள், அந்த டீசலுக்குப் போகிற பணத்தையும் யோசித்துப் பாருங்கள். டெங்கு உறுதியான வீட்டையும் சுற்றியுள்ள வீடுகளையும் உடனே கட்டுப்படுத்த, வீட்டுக்குள்ளும் வெளியிலும் அடிப்பதற்குப் புகை வேண்டும். அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

கேட்க வேண்டியது ஆட்கள். டிபிசி என்றும் மஸ்தூர் என்றும் சொல்கிற கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வாரம் ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து தொட்டியைப் பார்த்து, கழுவ முடியாததில் அபேட் என்கிற கொசுப்புழு மருந்து விட்டுப் போவதுதான் டெங்குவுக்கு எதிராக நம்மிடம் இருக்கிற முக்கியமான வேலை. கொசு வளர ஒரு வாரம் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு தடவை. பத்து நாளைக்கு ஒரு தடவை வந்தால் செலவு மட்டும்தான் மிச்சம். மழைக்காலத்தில் மட்டும் ஆள் எடுத்து, ஜனவரியில் நிறுத்திவிடுவது வழக்கமாக இருக்கிறது. வருடம் முழுக்க ஆள் வேண்டும் என்று கேளுங்கள், எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

அவர்களில் நிறையப் பேர் பெண்கள், தினக்கூலிக்கு வருகிறவர்கள், பல இடங்களில் ஒப்பந்ததாரர் மூலமாக. கூலி மாதக்கணக்கில் பாக்கி விழுவது அடிக்கடி நடக்கிறது. கூலி வராத ஆள் நாற்பது வீட்டுப் படியேற வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். கையுறை, அடையாள அட்டை, மாதம் பிறந்ததும் கூலி, இந்த மூன்றையும் உங்கள் மனுவில் ஒரு வரியாகச் சேருங்கள்.

கிணறு, பயன்படுத்தாத பெரிய தொட்டி இருந்தால் கம்பூசியா மீன் கேட்கலாம், புழுவை நன்றாகத் தின்னும். குளத்திலும் ஏரியிலும் விடச் சொல்லாதீர்கள். வெளிநாட்டு மீன், நம் மீன்குஞ்சுகளையும் தவளை முட்டைகளையும் தின்றுவிடும்.

செலவானதைப் பார்ப்பது

ஊராட்சி என்றால் ஈ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் திட்டப் பட்டியலும் நிதிக்குழுப் பணம் போன விவரமும் கிடைக்கும். செல்போனிலேயே பார்க்கலாம். அதில் இல்லாததற்கு, நகரத்து விவரத்துக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு.

"ஏன் மருந்து அடிக்கவில்லை" என்று எழுதினால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"கடந்த இரு நிதியாண்டுகளில் எங்கள் வார்டில் கொசு ஒழிப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகை, செலவிடப்பட்ட தொகை, எந்தக் கணக்குத் தலைப்பில் என்ற விவரம். கொசுப்புழு மருந்து இருப்புப் பதிவேட்டின் நகல். கொசு ஒழிப்புப் பணியாளர்களின் வருகைப் பதிவேடு, கூலி வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல். புகை மருந்து அடித்த தேதிகளும் அதற்கான டீசல் கணக்கும். வீட்டுக் குறியீடு குறித்த வாராந்திர அறிக்கைகளின் நகல்."

வருகைப் பதிவேட்டில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கையும் உங்கள் தெருவுக்கு நிஜமாக வந்தவர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் பணியாளர்கள் மேல் பாயாமல், ஒப்பந்தம் எடுத்தவரின் பில்லைக் கேளுங்கள்.

காய்ச்சல் ஏற்கெனவே வந்துவிட்டால்

மேலே சொன்னதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் 104க்கு அழையுங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள். சென்னையில் 1913. ஒரே தெருவில் இரண்டு மூன்று பேருக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சல் முகாம் போடச் சொல்லிக் கேட்கலாம், அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் பணம் கிடையாது. டெங்கு கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய், தனியார் மருத்துவமனைக்கும் அந்தக் கடமை உண்டு. தனியாரில் சேர்த்திருந்தால் தகவல் கொடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள், ஏனென்றால் பதிவில் வராத நோயாளியின் தெருவுக்கு ஆளும் வராது, பணமும் வராது.

தீர்மானமாக்குங்கள்

கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் பகுதி சபை, வார்டு குழு. வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள், எழுதிக்கொண்டு போய்த் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். "நமது ஊராட்சியில் ஆண்டு முழுவதும் வாரம் ஒரு முறை வீடு வீடாகக் கொசுப்புழு ஆய்வு நடத்தப் போதிய பணியாளர்களை அமர்த்தவும், அவர்களுக்கு மாதந்தோறும் தவறாமல் கூலி வழங்கவும், வடக்குத் தெரு கழிவுநீர் வாய்க்காலை அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் துப்புரவு நிதியில் சேர்க்கவும் இச்சபை தீர்மானிக்கிறது" என்கிற மாதிரி, தெருப் பெயரோடு, எந்த நிதி என்ற பெயரோடு எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கணக்கெடுப்புத் தாளை அதோடு இணையுங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, நகல் வாங்கி, ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒன்றை வட்டார மருத்துவ அலுவலருக்கும் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். அடுத்த கிராம சபையில் முதல் ஆளாக எழுந்து, அந்த எண்ணைச் சொல்லி, எவ்வளவு பணம் வந்தது, எத்தனை ஆள் வந்தார்கள் என்று கேளுங்கள்.